உடைந்த வில்லும் உடையாத வில்லும்



தோட்டத்தில் வளர்ந்தவர்கள் பள்ளி விடுமுறையில் ஒரு முறையாவது செய்து பார்த்த வேலை இது. பால்மரத்தில் பெருவிரல் கனத்துக்கு ஒரு பச்சைக் கிளையை வெட்டுவோம். இலைகளைக் கழித்துவிட்டு, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுவோம். தென்னை ஈர்க்குகள் நாலைந்தைச் சேர்த்துக் கட்டினால் அம்பு. முதல் இரண்டு தடவை அம்பு நன்றாகவே பறக்கும். அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். ‘மடக்’கென்ற ஓசையோடு வில் முறியும். அல்லது மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால், கிளை வளைந்தபடியே நின்றிருக்கும். கயிறு தொளதொளவென்று தொங்கும். இழுத்தால் உயிரே இருக்காது.

நான் ஒரே விடுமுறையில் மூன்று வில்களை உடைத்தவன். மரத்துக்குப் பலம் போதவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் பருமனான கிளையைத் தேடிப் போனேன். பருமனான கிளை இன்னும் சீக்கிரம் உடைந்தது! அது ஏன் என்பது பல ஆண்டுகள் கழித்து, இயற்பியல் பாடத்தில் வளைவைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. அந்தக் கணக்கை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அதைத் தெரிந்துகொண்டால், உடையாத வில் ஒன்றை நீங்களே செய்துவிடலாம்.

பாடநூலுக்குள் இருக்கும் வில்

படிவம் 5 இயற்பியல் நூலில் ‘கெக்கென்யாலான்’ என்று ஒரு பகுதி வருகிறது. தமிழில் மீள்தன்மை என்போம். விசை கொடுத்தால் உருமாறி, விசையை எடுத்தால் பழைய உருவத்துக்குத் திரும்பும் தன்மை அது. அந்தப் பாடத்தில் நீங்கள் எடை தொங்கவிட்டு அளக்கும் ஸ்பிரிங்குக்குத் தமிழில் என்ன பெயர்? சுருள்வில். சுருண்டிருக்கும் வில்! நம் மொழி இந்த உறவை முன்பே கண்டுகொண்டிருக்கிறது. மரவில் என்பது சுருளாத ஸ்பிரிங், அவ்வளவுதான். ஹூக் விதி சுருள்வில்லுக்குச் சொல்வது, ஓரளவுக்கு வில்லுக்கும் பொருந்தும். இரண்டு மடங்கு இழுத்தால் இரண்டு மடங்கு விசை.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இரும்புச் சுருள்வில்லில் இழுப்பு, கம்பி முழுதும் ஒரே மாதிரி பரவுகிறது. மரவில்லில் அப்படித் தானாகப் பரவாது. பரவும்படி நாம் செய்ய வேண்டும். வில் செய்பவரின் வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

முதுகும் வயிறும்

உங்கள் பென்சில் பெட்டியிலிருந்து ஒரு நீளமான அழிப்பானை எடுங்கள். அதன் பக்கவாட்டில் பேனாவால் சின்னச் சின்னச் செங்குத்துக் கோடுகளை ஒரே இடைவெளியில் போடுங்கள். இப்போது அழிப்பானை வளையுங்கள். வெளிவளைவில் கோடுகள் விலகுகின்றன. உள்வளைவில் நெருங்குகின்றன. நடுவில் மட்டும் இடைவெளி மாறவில்லை.

வில்லிலும் இதுவேதான் நடக்கிறது. இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு, அது நீட்டப்படுகிறது. உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு, அது நசுக்கப்படுகிறது. ஒரே மரத்துண்டு, ஒரே நேரத்தில், இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது.

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்ணிய குழாய்களின் கட்டு. பானம் குடிக்கும் ஸ்ட்ரா ஒரு கைப்பிடி நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராவை நீளவாக்கில் இழுத்தால் எளிதில் அறுந்துவிடாது. இரு முனையிலும் அழுத்தினால் சட்டென்று மடங்கிவிடும். மரமும் அப்படியே. நசுக்கலைவிட இழுப்பை அது நன்றாகத் தாங்கும். அதனால் முதலில் களைத்துப்போவது வயிறு. வயிற்றில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும். வில் வளைந்தபடியே நின்றுவிடும். முதுகோ எச்சரிக்கை தராது. ஒரு நார் அறுந்தால் பக்கத்து நார்களும் வரிசையாக அறுந்து, வில் வெடித்துப் பிளக்கும். என் மூன்று வில்களில் இரண்டு முதுகில் போனவை.

இப்போது கணக்குக்கு வருவோம். வில்லை முழுக்க இழுக்கும்போது, அது 80 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதி போல வளைகிறது என்று வைத்துக்கொள்வோம். முதுகு எவ்வளவு நீள்கிறது என்பதற்கு எளிய வழி உண்டு: கனத்தில் பாதியை, வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும்.

1 செ.மீ. கனமுள்ள வில்: 0.5 ÷ 80. அதாவது 0.6 விழுக்காடு நீட்சி.
2 செ.மீ. கனமுள்ள வில்: 1 ÷ 80. அதாவது 1.25 விழுக்காடு.
3 செ.மீ. கனமுள்ள வில்: 1.5 ÷ 80. அதாவது ஏறக்குறைய 1.9 விழுக்காடு.

காய்ந்த மரங்கள் பெரும்பாலும் தாங்கும் நீட்சி ஏறத்தாழ 1 விழுக்காடுதான். இப்போது புரிகிறதா? ஒரே அளவு வளைக்கும்போது, பருமனான கிளையின் முதுகு அதிகமாக நீட்டப்படுகிறது. நான் பலத்தைத் தேடிப் போனேன். மரத்துக்குத் தேவைப்பட்டது மெலிவு.

‘மெலிந்த வில்லுக்கு விசை இருக்காதே?’ என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. கனத்தில் இழந்ததை அகலத்தில் ஓரளவு மீட்கலாம். அகலத்தை எவ்வளவு கூட்டினாலும் முதுகின் நீட்சி மாறாது. மேலே போட்ட கணக்கில் அகலம் எங்காவது வந்ததா, பாருங்கள். அகலம் இரட்டிப்பானால் விசையும் இரட்டிப்பாகும். மரத்துக்குச் சிரமம் அப்படியே இருக்கும். அதனால்தான் உயர்ந்த மரம் கிடைக்காத இடங்களில் வில்லைப் பட்டையாகச் செய்திருக்கிறார்கள். உருண்டைக் கிளை இதற்கு நேர்மாறு. அதன் முதுகில் உச்சியிலுள்ள ஒரு மெல்லிய கோடு மட்டுமே முழுச் சுமையையும் ஏற்கிறது.

கிளையில் இன்னொரு குறையும் உண்டு. அடியில் பருத்து நுனியில் சிறுக்கும். வளைத்தால் நுனிப் பக்கம் மட்டும் வளையும். அடிப் பக்கம் கம்பமாக நிற்கும். பத்துப் பேர் தூக்க வேண்டிய மூட்டையை இரண்டு பேர் தூக்குவது போல. அந்த இருவர் விழுந்தால் எல்லாம் விழும்.

எந்த மரம்?

நம் பக்கம் எங்கும் நிற்கும் பால்மரத்தை முதலில் தள்ளிவிடலாம். அது கெட்ட மரம் என்பதற்காக அல்ல. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரம்தான் மேசை, நாற்காலிகளாக வெளிநாடுகளுக்குப் போகிறது. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். மருந்து போட்டுப் பதப்படுத்தாவிட்டால் வண்டு துளைத்து உளுத்துவிடும். கணுக்களும் முறுக்கும் இல்லாத நீண்ட நேர் துண்டும் அதன் கிளைகளில் அரிது.

பனை இனத்து மரங்கள் நல்ல தேர்வு. பாக்கு மரத்தையோ சதுப்போரத்து நிபோங்கையோ குறுக்காக வெட்டிப் பாருங்கள். வெளிப்புறம் கருத்த நார்கள் நெருக்கமாக, இரும்பு போல் இருக்கும், உள்ளே பஞ்சு. அந்த வெளிவளையத்திலிருந்து பிளந்தெடுத்த பட்டையில் பாப்புவா நியூ கினி மக்கள் வில் செய்கிறார்கள். தென் தமிழ்நாட்டில் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் மணி கட்டித் தட்டும் பெரிய வில்லும் பனை மரத்தில் செய்வதுதான்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்வது மூங்கில். பூலோ பெத்தோங் என்று மலாயில் சொல்லும் தடித்த சுவருள்ள மூங்கில், கெடாவில் ஆற்றோரங்களிலும் கம்பங்களிலும் பார்க்கக் கிடைக்கும். மூங்கிலின் உடலில் நார்கள் சமமாகப் பரவியிருக்கவில்லை. பச்சைத் தோலுக்கு அருகே மிக நெருக்கம். உள்ளே போகப் போகக் கலைவு. காற்றில் வளைந்து நிற்க வேண்டிய புல் அல்லவா? வளையும்போது அதிகம் நீட்டப்படும் இடத்தில் அதிக நாரை வைத்திருக்கிறது. வில்லுக்குத் தேவையான முதுகு அதற்கு இயற்கையிலேயே அமைந்துவிட்டது. அந்தத் தோலை மட்டும் நாம் சீவிக் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

காய்ந்த மூங்கில்தான் வேண்டும். பச்சை மரத்தில் நீர் நிறைந்திருக்கும். நீர் உள்ள நார் இழுத்தால் நழுவும், நழுவினால் திரும்பாது. உங்கள் பால்மர வில் மறுநாள் காலையில் வளைந்தபடி நின்றதற்குக் காரணம் அதுவே. மீள்தன்மை எல்லையைத் தாண்டிவிட்டது என்று பாடநூல் சொல்லும். நம் ஊர்க் காற்றே ஈரமானது. நிழலில் எவ்வளவு காய்ந்தாலும் மரத்தில் சுமார் 15 விழுக்காடு ஈரம் தங்கும். ஆனால் கெடாவுக்கு ஒரு வசதி. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து, பால்மரம் இலையுதிர்க்கும் வறண்ட காலம் நமக்கு உண்டு. அதற்கு முன்பு பிளந்து, மழை படாத, காற்றோட்டமான கூரைக்கடியில் வைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் எடை போட்டு எழுதி வாருங்கள். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அப்போது மூங்கில் தயார். சுவரில் ஒட்டிவைக்க அருமையான வரைபடம் ஒன்றும் கிடைத்துவிடும்.

சுரண்டிச் சுரண்டிப் பார்த்தல்

இங்கிருந்து பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். பாராங் பிடிப்பது விளையாட்டல்ல.

வில்லின் நீளம் ஏறக்குறைய உங்கள் உயரம். 160 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூங்கிலை ரம்பத்தால் நீளவாக்கில் அறுக்காதீர்கள். பாராங்கை வைத்துக் கட்டையால் தட்டிப் பிளந்துவிடுங்கள். ரம்பம் தன் வழியில் போகும். பிளவு நாரின் வழியில் போகும். அறுபட்ட நார் ஒவ்வொன்றும் முதுகில் ஒரு பிளவு தொடங்கக் காத்திருக்கும் இடம். மரத்தில் வில் செய்வதானாலும் இதே விதிதான்.

நடுவில் கைப்பிடிக்கு 10 செ.மீ. விடுங்கள். கைப்பிடிக்கு இரு புறமும் அகலம் 4 செ.மீ. அங்கிருந்து நுனிக்குப் போகப் போகக் குறைந்து 1.5 செ.மீ. ஆக வேண்டும். கனம் கைப்பிடியருகே 1.2 செ.மீ. போதும். இரு நுனியிலும் நாண் மாட்டும் வெட்டுக்குக் ‘குதை’ என்று பழைய தமிழில் பெயர். அதை வட்ட அரத்தால் பக்கவாட்டில் மட்டும் வெட்டுங்கள். முதுகில் கை வைக்க வேண்டாம். நாணுக்கு நீட்சி இல்லாத கயிறு வேண்டும். மீன்பிடிக் கடைகளில் கிடைக்கும் பின்னிய பாலியெஸ்டர் கயிறு போதும். நைலான் நீளும், நீங்கள் கொடுக்கும் ஆற்றலில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும்.

இனிதான் உண்மையான வேலை. கைப்பிடியைச் சுவரில் அடித்த ஒரு கட்டையின் மேல் உட்கார வைத்து, நாணைக் கீழே கொஞ்சம், ஒரு சாண் மட்டும், இழுங்கள். நண்பர் ஒருவர் நாலடி தள்ளி நின்று பார்க்கட்டும். இரு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா? எங்காவது மடிப்பு போல அதிகமாக வளைகிறதா? எங்காவது தட்டையாக நிற்கிறதா? தட்டையாக நிற்கும் இடத்தில் பென்சிலால் அடையாளமிடுங்கள். வில்லை இறக்கி, அந்த இடத்தில் மட்டும், வயிற்றுப் பக்கத்தில், கத்தியின் விளிம்பைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். மறுபடி ஏற்றுங்கள். முப்பது தடவை மெல்ல இழுத்துவிட்டு மறுபடி பாருங்கள். சுரண்டிய மாற்றத்தை மரம் உடனே காட்டாது. சில இழுப்புகள் கழித்தே காட்டும்.

எவ்வளவு சுரண்டலாம்? அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான். ஒரு பட்டையின் விறைப்பு, அகலத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். கனத்துக்கோ அதன் மும்மடி விகிதத்தில் கூடும். 10 மி.மீ. கனத்தை 9 மி.மீ. ஆக்கினால் 0.9 × 0.9 × 0.9 = 0.729. பத்தில் ஒரு பங்கு மூங்கிலை எடுத்தீர்கள். விறைப்பில் 27 விழுக்காடு போய்விட்டது! கை தவறிச் சுரண்டிய ஒரு மில்லிமீட்டர், அந்த இடத்தை வில்லின் பலவீனமாக்கிவிடும். எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. அப்படி ஆகிவிட்டால் ஒரே வழி, மற்ற எல்லா இடத்தையும் அந்த அளவுக்கு இறக்குவது. வில் பலம் குறைந்ததாகும், ஆனால் உடையாது.

இந்த வேலையைப் பாதியில் விட்டுச் சென்ற ஒருவரை உலகமே அறியும். 1991-இல் ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரியா இத்தாலி எல்லைப் பனியில், 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதரின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயரிட்டார்கள். அவர் அருகே 1.82 மீட்டர் நீளத்தில் யூ மரத்து வில் ஒன்று. அதில் சீவிய தழும்புகள் அப்படியே இருந்தன. நாண் பூட்டக் குதை வெட்டியிருக்கவில்லை. செய்து முடிக்காத வில். அவரோ தோளில் பாய்ந்த அம்பால் இறந்திருந்தார். 5,000 ஆண்டுகளுக்கு முன் அவர் சுரண்டிக்கொண்டிருந்த அதே முறையைத்தான் நீங்களும் இப்போது செய்கிறீர்கள்.

இழுக்கும்போது 25 வாட், விடும்போது 500 வாட்

வில் தயாரானதும், அதை ஒரு சோதனைக் கருவியாக மாற்றிக்கொள்ளுங்கள். பயணப் பெட்டியை எடை போடும் கொக்கித் தராசு ஒன்று போதும். நாணில் கொக்கியை மாட்டி, 10 செ.மீ.க்கு ஒரு முறை விசையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசு 1 கிலோ காட்டினால் ஏறக்குறைய 10 நியூட்டன்.

உங்கள் அளவுகள் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்: 10 செ.மீ. இழுத்தால் 22 நியூட்டன், 20-க்கு 42, 30-க்கு 61, 40-க்கு 80, 50-க்கு 100. வரைபடத் தாளில் போட்டால் கிட்டத்தட்ட நேர்கோடு. நேர்கோட்டுக்குக் கீழுள்ள முக்கோணத்தின் பரப்பே வில்லில் சேர்ந்த ஆற்றல். பாதி × 100 நியூட்டன் × 0.5 மீட்டர் = 25 ஜூல். 10 கிலோ அரிசிப் பையைக் கால் மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றல்தான் இது. பெரிய விஷயமில்லை.

அந்த 25 ஜூலும் அம்புக்குப் போகாது. வில்லின் கைகளும் நாணும் அசைய ஒரு பங்கு செலவாகும். கையால் செய்த எளிய வில்லில் 60 விழுக்காடு அம்புக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டால், 15 ஜூல். அம்பின் எடை 25 கிராம். இயக்க ஆற்றல் வாய்பாட்டில் போடுங்கள்: வேகத்தின் வர்க்கம் 1,200, வேகம் நொடிக்கு ஏறக்குறைய 35 மீட்டர். மணிக்கு 125 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் கார்களுக்கு அனுமதித்த வேகத்தைவிட அதிகம்.

அரிசிப் பையைத் தூக்கும் ஆற்றலுக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது? நேரத்திலிருந்து. நாணை இழுக்க உங்களுக்கு ஒரு நொடி ஆகிறது. 25 ஜூலை ஒரு நொடியில் கொடுத்தால் 25 வாட். விட்டதும் அம்பு 0.03 நொடிக்கும் குறைவான நேரத்தில் நாணைவிட்டுப் போய்விடும். 15 ஜூலை 0.03 நொடியில் கொடுத்தால் 500 வாட். மெல்லச் சேர்த்து, சட்டென்று கொடுப்பது. வில் ஆற்றலை உண்டாக்குவதில்லை, நேரத்தைச் சுருக்குகிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் கொய்யாக் கவட்டையில் சைக்கிள் டியூபைக் கட்டிச் செய்யும் லாஸ்திக்கும் இதையேதான் செய்கிறது. ரப்பர் தன்னைப்போல் பல மடங்கு நீண்டு சேமிப்பதை, மரம் நூற்றில் ஒரு பங்குகூட நீளாமல் சேமிக்கிறது.

இதே கணக்கிலிருந்து ஒரு பாதுகாப்பு விதி தானாக வருகிறது. அம்பு வைக்காமல் நாணை இழுத்துவிடாதீர்கள். அம்பு இருந்தால் 15 ஜூல் அதனோடு வெளியே போய்விடும். மீதி 10 ஜூல்தான் வில்லில் அதிரும். அம்பு இல்லையென்றால் 25 ஜூலும் வில்லுக்குள்ளேயே திரும்பும். நன்றாகச் செய்த வில்லே அதில் பிளந்துவிடும். பிளந்த மூங்கில் உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

பாலிங் காட்டு வில்

15 ஜூல் ஒரு காட்டுப்பன்றிக்குப் போதுமா? போதாது. தோலைக் கிழித்து உள்ளே போகலாம்; பன்றி காயத்தோடு ஓடிப் புதருக்குள் மறைந்து, நாள்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டை வில்லுக்கு இது பழைய சிக்கல். இதற்கு உலகம் இரண்டு விடைகளைக் கண்டது.

ஒன்று, விசையைக் கூட்டுவது. 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்னும் இங்கிலாந்துப் போர்க்கப்பலில் 130-க்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. அவற்றை முழுக்க இழுக்க 45 கிலோவிலிருந்து 80 கிலோ எடையைத் தூக்கும் விசை வேண்டியிருந்திருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். சிறு வயதிலிருந்தே பழகினால் மட்டுமே முடியும்.

இன்னொரு விடை நம் கெடாவில் இருந்தது. பாலிங் மாவட்டத்தின் லுபோக் லெகோங் கிராமத்தில் கென்சியு மக்கள் வாழ்கிறார்கள். கெடாவின் ஒராங் அஸ்லி இனத்தவர் அவர்களே. அவர்களையும் அவர்களைச் சேர்ந்த மற்றக் குழுக்களையும் அந்நாளில் ‘செமாங்’ என்று எழுதினார்கள். 1906-இல் ஸ்கீட், பிளாக்டன் இருவரும் வெளியிட்ட இரண்டு தொகுதி நூல், வில்லும் நச்சு அம்பும் அந்த மக்களுக்கே உரிய ஆயுதம் என்று குறிப்பிடுகிறது. விசைக்குப் பதிலாக அவர்கள் வேதியியலைப் பயன்படுத்தினார்கள்.

நஞ்சு வந்தது ஈப்போ மரத்திலிருந்து. பேராக்கின் தலைநகருக்குப் பெயர் கொடுத்த மரம் அது. பலா, அத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டையில் சாய்வாகக் கீறினால் பால் வடியும். மூங்கிலில் பிடித்து, நெருப்பில் காய்ச்சிக் கெட்டியாக்கி, அம்பு முனையில் பூசுவார்கள். பால்மரம் வெட்டிப் பிழைத்த நம் தாத்தா பாட்டிமாருக்கு அந்தக் கீறலும் வடிதலும் எவ்வளவு பழகிய காட்சி! ஆனால் இந்தப் பாலில் உள்ள ஆன்டியாரின் என்னும் பொருள் இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடும். அம்பு ஆழமாகப் பாய வேண்டியதில்லை. இரத்தத்தைத் தொட்டால் போதும். 15 ஜூல் தாராளம்.

பிறகு அந்த மக்களிடையே வில் மறைந்து, சும்பிட் எனப்படும் ஊதுகுழல் அதன் இடத்தைப் பிடித்தது. ஏன்? என் கணிப்பைச் சொல்கிறேன். நச்சுதான் கொல்கிறது என்றாகிவிட்டால், எய்யும் கருவிக்கு அதிக ஆற்றல் தேவையில்லை. உயரமான மரக்கிளையில் இருக்கும் அணிலையும் குரங்கையும் நேர்மேலே குறிபார்க்க, கொடிகளில் சிக்கும் நீண்ட வில்லைவிட ஒரு நேர்குழாய் வசதியானது. ஓசையும் இல்லை. வில்லின் தோல்வி என்று இதைச் சொல்ல மாட்டேன். அந்தக் காட்டுக்கு எது போதுமோ அதை அந்த மக்கள் வைத்துக்கொண்டார்கள்.

நீங்களும் நானும் வேட்டைக்குப் போக முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்குகளை உரிமமில்லாமல் வேட்டையாடுவது குற்றம். பெர்ஹிலித்தான் அதிகாரிகள் வழக்குப் போடுவார்கள். ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் சொந்த உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாட மட்டும் அச்சட்டம் இடம் தருகிறது. நம் வில்லுக்கு இலக்கு, பழைய துணிகளைத் திணித்துக் கட்டிய அரிசிச் சாக்கு. அதை ஒரு மண்மேட்டுக்கு முன்னால் வைத்து, பின்னாலும் பக்கத்திலும் யாரும் நடமாடாத திடலில் எய்யுங்கள். மணிக்கு 125 கிலோமீட்டர் என்ற எண் நினைவிருக்கட்டும்.

எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். பூட்டியபடியே விட்ட வில்லில் நார்கள் இரவெல்லாம் மெல்ல நழுவிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் வில்லைச் சுவரோடு ஒட்டி வைத்து, நடுவுக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை செ.மீ. இடைவெளி என்று அளவுகோலால் அளந்து, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு செ.மீ.க்குள் இருந்தால் நன்றாகச் சுரண்டியிருக்கிறீர்கள்.